ஹலோவை வீட்டுக்கு அனுப்பிய முப்பது வரி

வேலையை விட்டு அனுப்பிய ஆத்திரத்தில், ஹலோ என்று நாங்கள் கூப்பிடும் பெண் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு பொத்தானை அமுக்கினாளாம். பதினோரு பள்ளிக்கூட வேனும் எங்கே வருகிறதென்று யாருக்கும் தெரியாமல் போனதாம். மழையில் ஒரு பிள்ளை தொலைந்ததாம். டீக்கடையில் கேட்டால் இப்படிச் சொல்வார்கள். முடிவெட்டும் கடைக்குப் போனால் தொலைந்த பிள்ளை இரண்டாகிவிடும். பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் காது கொடுத்தால், முதலாளிக்கும் அவளுக்கும் ஏதோ இருந்து, அது முறிந்து, அந்தக் கோபம்தான் இது என்பார்கள். முதலாளியைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். அவருக்கும் அவர் சம்சாரத்துக்குமே ஏதாவது இருக்கிறதா என்பது சந்தேகம்.

இந்தக் கதையைப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. நாலாம் நம்பர் வேன் ஓட்டுகிறவன் நான். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுவில் வாய்க்கு வேலை கொடுக்காவிட்டால் துருப்பிடித்துவிடும். ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தவனும் நான்தான். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். வதந்தி அளவுக்கு இதில் ருசி இருக்காது.

எங்கள் ஆபீஸ் ஒரு மெக்கானிக் ஷெட்டின் மாடி. இரும்புப் படி, ஒரே அறை, இரண்டு மேஜை, எப்போதும் டீசல் வாடை. ஒரு மேஜை முதலாளியுடையது. இன்னொன்றில் இரண்டு போன், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஹலோ. வீட்டில் வைத்த பெயர் வேறு. காலை ஆறரைக்கு வந்து உட்கார்ந்தால் ஒன்பது மணிவரை அந்த ஒரு சொல்லைத்தான் அவள் வாய் அதிகம் சொல்லும். அதனால் டிரைவர்கள் நாங்கள் வைத்த பெயர் அது.

“ஹலோ, வேன் எங்க வருது?”

“தண்ணித் தொட்டி தாண்டிடுச்சும்மா, அஞ்சு நிமிஷம்.”

“அஞ்சு நிமிஷம் முன்னாடியும் இதையேதான் சொன்னே.”

“அப்ப இந்நேரம் வந்திருக்கணும்மா, எட்டிப் பாருங்க.”

ஒரு காலைக்கு இப்படி நூற்றெண்பது போன். அவளுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குப் போன் போட்டுக் கேட்பாள். நாங்கள் ஓட்டிக்கொண்டே எடுத்து, தாண்டாத ஸ்டாப்பைத் தாண்டியதாகச் சொல்வோம். பொய் எங்களுடையது, திட்டு அவளுக்கு.

வயது முப்பத்துநாலு. கல்யாணம் நடந்தது, இரண்டே வருஷத்தில் முடிந்தும் போனது. அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அங்கே அவளுக்கென்று இருப்பது பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு கட்டில். அண்ணி கெட்டவள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவள் வாய் தனிக்குடித்தனம் நடத்தும். ஹலோ வேலைக்குப் போகும் நாளில், “எங்க நாத்தனார் ஆபீஸ் போயிருக்கா.” லீவு நாளில், “சும்மாதானே உக்காந்திருக்கே, இந்தத் துணியை மடி.” வேலை என்று ஒன்று இருக்கும்வரைதான் அந்த வீட்டில் அவள் நாத்தனார். அது போனால் சம்பளமில்லாத வேலைக்காரி. இதை அவளே ஒரு நாள் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரித்தது வாய் மட்டும்தான்.

அதனால் வேலையில் கெட்டியாக ஒட்டிக்கொள்ள வழி தேடினாள். எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்று எதுவும் கிடையாது. தானே ஒன்றை ஆரம்பித்து, தானே அதில் உட்கார்ந்துகொண்டால் யார் எழுப்ப முடியும் என்று நினைத்தாள். வேன்கள் திரும்பி வந்து ஷெட்டில் நின்றபின், மதியம் முழுக்கக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் புரோகிராம் எழுதும் பாடம் பார்ப்பாள். பழைய ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வாள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டவன். எனக்கு அந்த எழுத்தெல்லாம் கோழி நடந்த மாதிரி இருக்கும்.

“என்னம்மா இது?”

“அம்மாக்கள் எனக்குப் போன் போட வேணாம்ண்ணே. அவங்க போன்ல ஒரு பக்கம் இருக்கும், தொட்டா வேன் எந்த ஸ்டாப் தாண்டிச்சுன்னு வரும். பின்னாடி பதில் சொல்றதுக்கு ஒண்ணு வேணும், ஏபிஐன்னு பேரு. கேள்வி கேக்கற ஜன்னல்னு வெச்சுக்குங்க. அதை கிளவுட்ல போடப் போறேன். சர்வரே வேணாம்.”

“சர்வர் இல்லன்னா டேபிளுக்கு யாரு எடுத்துட்டு வருவா?”

“இந்த ஜோக்கைச் சொன்ன நாப்பத்தோராவது ஆள் நீங்க. மத்த நாப்பது பேருக்கும் நான் சிரிக்கல.”

பிறகு பொறுமையாகச் சொன்னாள். “நம்மகிட்ட மெஷின் கிடையாது. பெரிய கம்பெனிக்காரன் எங்கயோ ஆயிரக்கணக்குல வெச்சிருக்கான். நான் எழுதின முப்பது வரியை அவன்கிட்ட ஏத்திட்டா, அது பாட்டுக்குத் தூங்கும். யாராவது ‘வேன் எங்க’ன்னு கேட்டா முழிக்கும், பதில் சொல்லும், திரும்பத் தூங்கிடும். முழிச்சிருந்த நேரத்துக்கு மட்டும்தான் காசு. நம்ம அளவுக்கு அதுவும் மிட்டாய்க் காசு.”

“அப்ப சொந்த வண்டி இல்ல, ஆட்டோன்னு சொல்லு. தேவைப்பட்டா கை காட்டணும். இறங்கிட்டா அவன் யாரோ, நாம யாரோ.”

“அதேதாண்ணே! இவ்ளோ அழகா அந்தப் பாடத்துல கூடச் சொல்லல.”

எனக்கு ஒரே பெருமை. அந்த உதாரணத்தை அன்றைக்கே நான் விழுங்கித் தொலைத்திருக்கலாம்.

அந்தக் கம்பெனியில் கணக்கு திறக்க ஒரு கார்டு நம்பர் கேட்டது. முதலாளியிடம் போய் நின்றாள்.

“என் கார்டை மேகத்துல போடச் சொல்றியா? மழை பெஞ்சா யாரு பொறுக்குவா?”

“சும்மா பேருக்குத்தான் சார். காசு போகாது.”

“போகாதுன்னா அவன் ஏன் கேக்கறான்?”

கடைசியில் அண்ணன் கார்டைக் கெஞ்சி வாங்கினாள். ஆபீஸ் வேலை ஆயிற்றே என்று, முகவரிக்கு மட்டும் ஆபீஸில் தனக்குக் கொடுத்திருந்த இமெயிலைப் போட்டாள். கணக்கின் ஒரு கால் அண்ணன் பையில், இன்னொரு கால் முதலாளி வீட்டுப் படியில். எங்களைப் போன்ற ஆபீஸில்தான் இப்படி ஒரு வேலை நடக்கும். அண்ணன் மூன்று நாள் பேங்கிலிருந்து மெசேஜ் வருகிறதா என்று போனையே முறைத்துக்கொண்டிருந்தாராம்.

ஒரு மதியம் ஏற்றினாள். நான் பக்கத்து ஸ்டூலில் இருந்தேன். முதல் தடவை ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. அவளே எழுதியது, அவளே திறந்த கணக்கு, அவளுக்கே அனுமதி இல்லை.

“நம்ம முதலாளி அங்கயும் போய் உக்காந்துட்டாரா?”

“சும்மா இருங்கண்ணே.” எங்கேயோ போய் எதையோ டிக் செய்துவிட்டு வந்தாள். இரண்டாவது தடவை ஏறியது, ஆனால் கேட்டால் பதில் வரவில்லை. ஸ்டாப் பெயர்கள் இருக்கிற பட்டியலைச் சேர்த்துக் கட்ட மறந்திருந்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை ஏற்றியதும் நீளமாக ஒரு முகவரி வந்தது. அதை என் போனுக்கு அனுப்பி, திறக்கச் சொன்னாள். வெள்ளைத் திரை. மேலே ஒற்றை வரி, அடைப்புக்குறிகளுக்குள்: வேன் நாலு, பெட்ரோல் பங்க், ஒரு நேரம்.

“இதுக்கா இவ்வளவு பாடு? பாக்க ஒண்ணுமே இல்லையே.”

“மூஞ்சி அப்புறம் வரைஞ்சுக்கலாம்ண்ணே. உயிர் வந்துடுச்சு பாருங்க.”

என் போனை வாங்கி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறந்த குழந்தையின் காலைத் தொடுகிற மாதிரி. அந்த முகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நாங்கள் போனில் ஒரு தட்டு தட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் ஒரு கூத்து. ஏழு மணிக்கு வந்த வேன் நடுராத்திரிக்கு வந்ததாகக் காட்டியது. அந்த மெஷின்களின் கடிகாரம் வேறு ஊர்க் கணக்காம். “ராத்திரியெல்லாம் யாரை ஏத்திட்டுப் போறீங்க?” என்று அம்மாக்கள் என்னை ஓட்டினார்கள். மதியத்துக்குள் சரிசெய்து மறுபடி ஏற்றிவிட்டாள். காலையில் முதலில் கேட்பவருக்கு மட்டும் பதில் இரண்டு மூன்று செகண்ட் தாமதமாக வரும். “தூக்கத்துலேர்ந்து எழுந்திருக்க வேணாமா?” என்று அதற்காகப் பரிந்து பேசுவாள்.

நூற்றெண்பது போன் ஒரு வாரத்தில் அறுபதாயிற்று. அடுத்த வாரம் பத்து. பிறகு, புதுப்போன் பயன்படுத்தத் தெரியாத ஒரு தாத்தா மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸ் மாடியில் ஃபேன் சத்தம் முதல்முறையாகக் கேட்டது. முதலாளி எப்போது கூப்பிட்டு ‘கம்ப்யூட்டர் செக்‌ஷன் இனி உன் பொறுப்பு’ என்பார் என்று ஹலோ காத்திருந்தாள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “அந்தப் பொண்ணு என்னமோ பண்ணியிருக்கே, அது எப்படிடா ஓடுது?” நான் ஆட்டோ உதாரணத்தைச் சொன்னேன். கை காட்டினால் வரும், வேலை முடிந்தால் போய்விடும், நிற்கிற நேரத்துக்குக் காசு இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

மாசக் கடைசியில் ட்ரிப் ஷீட் கொடுக்க நான் படியேறிக்கொண்டிருந்தபோது உள்ளே பேச்சு.

“போனே வரலையேம்மா.”

“ஆமா சார். எல்லாம் அதுலயே பாத்துக்கறாங்க.”

“அப்ப நீ என்ன பண்றே?”

“அதைப் பாத்துக்கணும் சார். ஸ்டாப் மாறும், வேன் மாறும். பிள்ளைங்க ஏறினதைப் பதியற மாதிரியும் பண்ணலாம்னு...”

“தானா ஓடுதுன்னு நீதானே சொன்னே?”

“ஓடுது சார், ஆனா...”

“ஆட்டோ மாதிரின்னு நம்ம டிரைவர் சொன்னான். ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நீயும் அப்படியே இருந்துக்கோ. தேவைப்பட்டா கூப்பிடறேன், வந்த அன்னிக்கு வந்ததுக்குத் தர்றேன். மத்த நாள் வீட்டுல நிம்மதியா இரு.”

நான் படியில் நின்றவன் நின்றபடியே நின்றேன். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ட்ரிப் ஷீட்டைக் கைப்பிடியில் செருகிவிட்டு இறங்கிவிட்டேன்.

போகும்போது அவள் ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனாள். “சார், அந்தக் கணக்கு எங்க அண்ணன் கார்டுல நிக்குது. உங்க பேருக்கு மாத்திடுங்க.”

“மேலதானே இருக்கு, எங்க ஓடிப்போகப் போகுது?” என்றார் முதலாளி. அந்த வாரமே அவளுடைய மேஜையை விற்றார், ஒரு போன் லைனை வெட்டினார், ஆளில்லாத இமெயில் எதற்கு என்று அதையும் மூடச் சொன்னார். சுத்தம் செய்வதில் அவருக்கு நிகர் அவர்தான்.

அதற்கப்புறம் நாலு மாசம். ரோட்டைத் தோண்டினார்கள், ஸ்டாப் மாறியது. ஆறாம் நம்பர் வேன் பட்டறைக்குப் போய் வேறு வேன் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான்தான் அவளுக்குப் போன் போட்டேன்.

“ஹலோ, பேக்கரி ஸ்டாப் இனிமே கிடையாதும்மா. பாலத்துக்குக் கீழ.”

“பத்து நிமிஷம்ண்ணே.”

பத்தாவது நிமிஷம் மாறியிருக்கும். மூட்டு விட்டுப்போன லேப்டாப் ஒன்றைக் கட்டிலில் தலையணைக்கு முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டு, மாற்றி எழுதி மறுபடி ஏற்றுவாள். முதலாளி ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடவில்லை. அவருக்குத் தேவைப்படாதபடி நாங்கள் பார்த்துக்கொண்டோம். அவள் காசு கேட்கவில்லை, நானும் ஏன் கேட்கவில்லை என்று கேட்கவில்லை. அது அவள் கையில் ஓடுகிறவரைக்கும் வேலையில் இருக்கிற மாதிரி அவளுக்கு ஒரு நினைப்பு. வீட்டில் “ஆபீஸ் வேலை, வீட்டுலேர்ந்து பாக்கறேன்” என்று சொல்லி வைத்திருந்தாள்.

அண்ணி முதல் மாசம் நம்பினாள். இரண்டாவது மாசம், “சம்பளம் எப்ப வரும்னு அந்த மேகத்துக்கிட்டயே கேட்டுச் சொல்லேன்” என்றாள். மூன்றாவது மாசம் புருஷனிடம் திரும்பினாள். “உங்க கார்டு யார்கிட்டயோ மாட்டிக்கிட்டு நிக்குது, உங்களுக்குத் தூக்கம் வருதா?” அண்ணன் பேங்குக்குப் போய் அந்தக் கார்டை ரத்து செய்துவிட்டு வேறு வாங்கி வந்தார். தங்கச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள் என்று பயம், பாவம், நல்ல மனுஷன்தான்.

கார்டு செல்லவில்லை, மாற்றுங்கள் என்று அந்தக் கம்பெனி மூன்று தடவை எழுதியதாம். மூன்றும் முதலாளி மூடச் சொன்ன இமெயிலுக்கு. பதில் வராமல் கணக்கையே நிறுத்திவிட்டார்கள்.

மழையோடு விடிந்த ஒரு திங்கட்கிழமை, அம்மாக்கள் போனைத் தொட்டால் எதுவும் வரவில்லை. ஆபீஸ் நம்பருக்கு அடித்தால் மிச்சமிருந்த ஒரு லைனும் பிஸி. சிலர் வேன் போய்விட்டதென்று பிள்ளைகளோடு ஆட்டோ தேடி ஓடினார்கள். சிலர் குடையோடு நின்றார்கள். என் இரண்டாவது ஸ்டாப்பில் ஒரு சின்னப்பெண் தனியாக வருவாள், வேன் கிட்டே வந்ததும் அம்மா மாடியிலிருந்து கை காட்டி அனுப்புவாள். அன்றைக்கு அம்மா குத்துமதிப்பாக முன்னாலேயே அனுப்பிவிட்டாள். பிள்ளை மழைக்காக ஒரு கடையின் தகரத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றிருக்கிறது. நான் வந்தேன், ஸ்டாப்பில் யாருமில்லை, கிளம்பிவிட்டேன். இறங்கிப் பார்க்கவில்லை. ஹாரன்கூட அடிக்கவில்லை. ஏற்கெனவே பதினைந்து நிமிஷம் லேட். பிள்ளை பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் நடந்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தையல் கடையில் கண்டுபிடித்தோம். தலையைத் துவட்டி, பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். தொலைந்தது ஒரே பிள்ளை. அதைத் தொலைத்தது நான்.

அந்தப் பெண்ணின் அப்பா ஷெட்டுக்கு வந்து கத்தினார். முதலாளி நிதானமாகச் சொன்னார், “பழைய ஸ்டாஃப் ஒருத்தி சார். வேலைய விட்டு அனுப்பின கோவத்துல எல்லாத்தையும் நிறுத்திப் பழிவாங்கிட்டா.” அப்பா என்னைப் பார்த்தார். “ஆமா சார்,” என்றேன். அப்புறம் டீக்கடையிலும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் வேன் அந்தக் கதையிலிருந்து மெதுவாக வெளியே போய்விட்டது.

கதைக்குக் கால் முளைக்க எத்தனை நாள்? ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் செய்ததைக் காட்டச் சொல்லி, பார்த்து, பிடித்துப்போய், அடுத்த வாரம் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரத்துக்குள் அங்கே யாரோ ஒருவருடைய பிள்ளை எங்கள் வேனில் போவது தெரிய வந்தது. “நீங்கதானா அந்த...?” என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார்கள். அதோடு சரி.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. முதலாளி என்னை அனுப்பினார். “வந்து மறுபடி போட்டுக் குடுத்துட்டுப் போகச் சொல்லு. வந்ததுக்குக் குடுத்துடலாம். போக வர ஆட்டோ என் செலவு.”

மதியம் போனேன். கதவைத் திறந்த அண்ணி, “உள்ளதான் இருக்கா, வேற எங்க போவா?” என்றாள். ஹலோ தரையில் உட்கார்ந்து அந்த வீட்டுத் துணி முழுவதையும் மடித்துக்கொண்டிருந்தாள். லேப்டாப் பீரோ மேலே, அதன் மேல் போர்வை அடுக்கு. வந்த விஷயத்தைச் சொன்னேன்.

“அவர் கார்டுல, அவர் பேர்ல, யாரை வெச்சு வேணா போட்டுக்கட்டும்ண்ணே. நான் வரல.”

“கோவமாம்மா?”

அடுத்த துணியை எடுத்து உதறினாள். கார்டு ரத்தானது, இமெயில் மூடியது, மருந்துக் கம்பெனி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை, ஸ்டாப் பெயர் படிப்பதுபோல. நடுவில் அண்ணி உள்ளேயிருந்து, “அந்தத் தலையணை உறையையும் சேத்து மடிச்சுடு” என்றாள். எடுத்து மடித்தாள்.

“டீக்கடையில நானும்தாம்மா சொன்னேன். அன்னிக்கு அந்தப் பொண்ணைப் பாக்காம வண்டிய எடுத்தது நான். தப்பிக்கிறதுக்காகச் சொல்லிட்டேன்.”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“உங்க வேன்தானே அந்த ஸ்டாப்புக்குப் போகும். ஸ்டாப் லிஸ்ட் எழுதினவ நான்.”

சட்டைப் பித்தானைப் போட்டு மூடி, கையை உள்பக்கம் மடக்கி, அடுக்கில் வைத்தாள்.

“இனிமே எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேம்மா,” என்றேன். “ஏதோ கார்டு கோளாறு, நீ ஒரு தப்பும் பண்ணலன்னு நானே போய்ச் சொல்றேன்.”

அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள்.

“தப்பு பண்ணலன்னு எல்லாம் சொல்லாதீங்க. நான் எதையும் நிறுத்தல. அனுப்பின அன்னிக்கே நிறுத்தியிருக்கணும். நிறுத்தாம நாலு மாசம் சும்மா ஓட்டிக் குடுத்தேன். அதுதான் நான் பண்ண தப்பு. சொல்றதுன்னா போய் அதைச் சொல்லுங்க.”